ஜில்லா போர்டு ரயில் முதல் மினிபஸ் வரை: காவிரிப் படுகையில் கூட்டுப் போக்குவரத்து

மக்கள் அன்றாடம் போய்வர வேண்டிய தடத்தை நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ மாநில அரசோ வகுத்துக் கொடுக்க, அதில் வண்டி ஓட்டும் வேலையைத் தனியார் ஏற்றுக்கொள்வதே கூட்டுப் போக்குவரத்து. இன்று இது பற்றிப் பேச்செடுத்தால் செல்பேசிச் செயலியில் அழைக்கும் ஆட்டோவும் காரும், தெருமுனையில் பூட்டு திறந்து எடுத்துக்கொள்ளும் வாடகை மிதிவண்டியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதிதல்ல. இங்கே உள்ளாட்சி அமைப்பொன்று கம்பெனி ஒன்றோடு சேர்ந்து உள்ளூர் ரயில் விட்டது 1894இல். அன்று முதல் இன்றைய மினிபஸ் வரை உள்ள அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. தடத்தையும் கட்டணத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு, நட்டத்தையும் தானே தாங்கிக்கொண்ட அரசின் கூட்டு நிலைத்தது. நட்டத்தை மட்டும் ஓட்டுகிறவர் தலையில் இறக்கிய கூட்டில், வண்டி ஆள் நடமாட்டமுள்ள பக்கமே ஒதுங்கியது. சில இடங்களில் ஒரேயடியாக மறைந்தும் போனது.

முதல் சான்று ரயில்தான். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் முதன்மைப் பாதை சென்னையிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போனது. அதற்குத் தெற்கே, கடலை நோக்கி இறங்கும் நெல் வயல்களுக்கு நடுவே கிடந்த ஊர்களுக்கு மாட்டுவண்டியும் தோணியுமே கதி. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று கிளை பிரிந்து ஓடும் நாட்டில் மழைக்காலச் சாலை என்பது பெயரளவில்தான். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரூபாய்க்கு 3 பை கூடுதல் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை போட்டது. 1902இல் அது பட்டுக்கோட்டைக்கும் 1903இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பிற மாவட்டங்களில் ஜில்லா போர்டுகள் பின்னர் போட்ட பாதைகளுக்கு இதுவே முன்னோடி. இந்த ஏற்பாட்டை வெறும் மக்கள் சேவையாகப் புகழ்ந்துவிடக் கூடாது. நெல்லையும் அரிசியையும் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் நகர்த்த வேண்டும் என்ற மிராசுதார்களின் ஆவல் இதற்குப் பின்னால் இருந்தது. வரியின் சுமையோ, கடைசியில், ரயிலில் கால் வைக்காத குத்தகைக்காரர் மீதும் விழுந்திருக்கும். ஆனால் அமைப்பின் வலிமையை மறுப்பதற்கில்லை. கம்பெனி 1944இல் அரசு வசமாயிற்று. 1951இல் தெற்கு ரயில்வே பிறந்தது. மீட்டர் பாதை அகலப் பாதையானது. ஓட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தும் தடம் பொதுச் சொத்தாகவே நின்றது. இந்தப் பாதையின் பெரும்பகுதி அடங்கிய, அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் 2019இல் மறுபடி ரயில் விடச் சொல்லிக் கேட்க மக்களால் முடிந்தது. காரணம், கேட்பதற்குத் தடம் என்று ஒன்று இருந்தது.

பேருந்துக் காலத்தில் நிலைமை தலைகீழானது. சாலை அரசுடையது, வண்டியும் லாபநட்டமும் முதலாளியுடையவை, இடையில் அரசு வைத்திருந்த ஒரே பிடி பர்மிட். எனவே போட்டி முழுவதும் பயணியை விட்டுவிட்டுப் பர்மிட்டைச் சுற்றியே நடந்தது. கும்பகோணம்–காரைக்கால் தடத்தில் யார் பஸ் விடுவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீரப்ப பிள்ளைக்கும் கும்பகோணத்தின் ராமன் அண்டு ராமன் கம்பெனிக்கும் இடையிலான அந்த வழக்கில் 1952இல் வந்த தீர்ப்பு, பர்மிட் விவகாரங்களில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம்போல் நுழையக் கூடாது என்றது. இன்றும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஒரு டெல்டா ஊர்த் தடம் அரசமைப்புச் சட்ட நூல்களில் ஏறியதே, அந்தத் தடங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்குச் சான்று. மதிப்பு இருந்த தடங்களுக்கு மட்டும்தான் வழக்கு நடந்தது. வாய்க்கால் கரையோரம் ஐம்பது வீடுகள் கொண்ட ஊருக்கு பர்மிட் கேட்டு யாரும் கோர்ட் படி ஏறவில்லை.

1972 மார்ச் 1இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. ராமன் அண்டு ராமன் போன்ற பெரிய கம்பெனிகளின் வண்டிகள் அரசுடைமையாயின. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். கழகம் வந்த பிறகு நட்டத் தடங்களிலும் டவுன் பஸ் போனது. பள்ளிப் பிள்ளைகள் இலவச பாஸில் போனார்கள். அப்படியும் பெரிய வண்டி நுழைய முடியாத இடங்கள் படுகையில் ஏராளம். ஊர்கள் ஆற்றுக் கரைகளை ஒட்டி நீளவாக்கில் கிடக்கின்றன. ஆற்றங்கரை நெடுகப் போகிற சாலையில் பஸ் கிடைக்கும். ஒரு கரையிலிருந்து வயல்களைக் குறுக்கே கடந்து அடுத்த ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமென்றால் குறுகலான வாய்க்கால் பாலங்களும் ஒற்றை வண்டிச் சாலையும்தான். பெரிய பஸ் திரும்ப இடமிருக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப 1997இல் மினிபஸ் திட்டம் வந்தது. பெரிய கம்பெனிகளை 1972இல் அரசுடைமையாக்கியபோது முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதிதான், கால் நூற்றாண்டுக்குப் பின் சிறிய தனியார் வண்டிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இதை முரண்பாடு என்று சொல்வாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, தடம் முழுவதும் சில முதலாளிகள் கையில் சேர்வதைத் தடுத்தது. இரண்டாவது, கழகம் போகாத ஊருக்கு வண்டி அனுப்பியது. திட்டத்தின் கணக்கு 16 கிலோமீட்டர் பஸ் வசதியில்லாத தடம், 4 கிலோமீட்டர் ஏற்கெனவே பஸ் ஓடும் தடம் என்று அமைந்தது. டெல்டாவில் மினிபஸ் உண்மையில் எவ்வளவு பயன்பட்டது என்பதைக் காலை நேரத்தில் திருவாரூர், மன்னார்குடி, பாபநாசம் பேருந்து நிலையங்களில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பால்கேன், பள்ளிப் பை, ஆஸ்பத்திரிச் சீட்டு, நெல் விற்ற பணம் எடுக்க வங்கிக்கு வந்தவர். ஆனால் அரசு இந்தக் கூட்டில் பர்மிட்டையும் கட்டண உச்சவரம்பையும் மட்டுமே தந்தது. ஒரு பைசா நட்ட ஈடு தரவில்லை. டீசல் விலை ஏறியது, கட்டணம் அந்த அளவு ஏறவில்லை. இருசக்கர வாகனங்கள் பெருகின. ஓட்டுகிறவர்கள் செய்தது எளிதில் ஊகிக்கக்கூடியதே. ஆள் ஏறும் 4 கிலோமீட்டரில் நடைகளைக் கூட்டினார்கள். ஆள் குறைந்த 16 கிலோமீட்டரின் வால் பகுதியில் மதிய நடையை, பிறகு இரவு நடையைக் கைவிட்டார்கள். பல தடங்களில் பர்மிட்டையே விட்டுவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவதுபோல் பஸ்ஸும் ஆயிற்று.

2025 ஜூன் 16இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த புதிய விரிவான மினிபஸ் திட்டம் இந்தப் பழுதில் பாதியைச் சரி செய்கிறது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் பஸ் வசதியில்லாத பகுதியாக இருக்க வேண்டும். வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி கட்டாயம். குறைந்தபட்சக் கட்டணம் 4 ரூபாய். தடத்தின் நீளம் கூடியதால் ஓட்டுகிறவருக்கு ஏதோ ஒரு முனையில் நல்ல கூட்டம் கிடைக்க வாய்ப்புண்டு. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: ஆள் ஏறாத நடைக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்திலும் விடையில்லை.

செயலி வண்டிகளும் மிதிவண்டிப் பகிர்வும் இந்த இடத்தில்தான் பேச்சுக்குள் வருகின்றன. உலகில் இந்தச் சோதனை பலமுறை நடந்திருக்கிறது. கனடாவின் இன்னிஸ்ஃபில் என்ற சிறுநகரம் 2017இல் பஸ் விடுவதற்குப் பதிலாக ஊபர் பயணங்களுக்கு மானியம் கொடுத்தது. மக்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். பயன்பாடு கூடக் கூட நகரத்தின் செலவும் அதே அளவில் கூடியது. பஸ்ஸில் பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் செலவு ஏறாது. காரில் ஒவ்வொருவருக்கும் தனிச் செலவு. 2019இல் நகர நிர்வாகம் கட்டணத்தை உயர்த்தி, ஒருவருக்கு மாதம் 30 பயணம் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. சீனாவின் ஓஃபோ நிறுவனம் 2018இல் கோயம்புத்தூரில் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு மஞ்சள் மிதிவண்டிகளை இறக்கியது. அதே ஆண்டு நடுவில் இந்தியாவை விட்டே வெளியேறியது. வண்டி நிறுவனத்துடையது, முடிவும் நிறுவனத்துடையது. நகரம் இடம் மட்டும் கொடுத்திருந்தது. 2017இல் மைசூரில் தொடங்கிய ட்ரின் ட்ரின் திட்டம் வேறு வகை: 450 மிதிவண்டிகளையும் நிலையங்களையும் பொதுப்பணத்தில் அமைத்து, நடத்துவதை மட்டும் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். பாதையைத் தான் வைத்துக்கொண்ட ஜில்லா போர்டின் வழியும் அதுவே.

நட்டத்தை அரசு தாங்க வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானது, அரசுக் கழகங்களே நட்டத்தில் தத்தளிக்கும்போது தனியாரின் நட்டத்தையும் அரசு ஏன் சுமக்க வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. ஆனால் அரசு ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே சுமப்பது என்பதில்தான் வேறுபாடு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவித்தபோது, கழகங்களுக்கு ஈடு செய்ய ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. அந்தச் சலுகை கழக வண்டிகளுக்கானது. சாலையோர ஊர்ப் பெண் இலவசமாகப் போகிறாள். அவளைவிட ஏழையான, உள்ளடங்கிய ஊரின் நடவுக் கூலிப் பெண் தனியார் மினிபஸ்ஸில் காசு கொடுத்துப் போகிறாள். சென்னையிலோ 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளைத் தனியார் நிறுவனம் இயக்குகிறது. ஓடிய கிலோமீட்டருக்கு அரசுக் கழகம் பணம் தருகிறது. டிக்கெட் வருமானம் கழகத்துக்கு. ஆள் குறைந்தாலும் வண்டி ஓடும். தலைநகரத்துக்குப் பொருந்தும் இந்த ஒப்பந்தம் திருத்துறைப்பூண்டிக்கு ஏன் பொருந்தாது?

கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தால் வெறும் வண்டியை ஓட்டிக் கணக்குக் காட்டுவார்கள் என்பது இன்னொரு அச்சம். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் அது பொருந்தும். இன்று முதல் நடையும் கடைசி நடையும் நேரத்துக்கு ஓடியதா என்பதைத் திரையில் பார்த்துவிடலாம், ஓடாத நடைக்குப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டதே, இனி மினிபஸ் எதற்கு என்கிறவர்கள் அந்த பைக்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு வண்டி என்றால் அதைப் பெரும்பாலும் ஆண்தான் எடுத்துக்கொண்டு போகிறார். பள்ளி மாணவி, மூத்தவர், மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி ஆகியோர் நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். செயலி வண்டி அவர்களைக் காப்பாற்றாது. கார்கள் நெருக்கமாகச் சுற்றும் இடத்தில்தான் செயலி வேலை செய்யும். ஒரத்தநாட்டுக்கு உள்ளே பத்துக் கிலோமீட்டரில் காலை ஏழு மணிக்கு அழைத்தால் வர ஓட்டுநர் அருகில் இருக்க வேண்டுமே. தஞ்சாவூர், கும்பகோணம் நகரங்களுக்குள் ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை போக ஆட்டோச் செயலிகளுக்கு நல்ல இடமுண்டு. அதற்கும் சென்னை ஒரு வழியைக் காட்டியிருக்கிறது: 2025 செப்டம்பர் 22இல் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயிலோடு நம்ம யாத்ரி ஆட்டோவும் காரும் சேர்க்கப்பட்டன. செயலி அரசுடையது; தனியார் அதற்குள் வந்தார்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட்டின் ஆயுள் ஐந்து ஆண்டு. 2025இல் தரப்பட்டவை 2030இல் புதுப்பிக்க வரும். அதுவரை காத்திராமல், கடைமடை வட்டங்களில் ஆள் குறைந்த சில தடங்களையேனும் கிலோமீட்டர் கட்டண ஒப்பந்தத்துக்கு மாற்றி, பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தையும் அவற்றில் சேர்த்து, வண்டி ஓடிய விவரத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட அரசு உத்தரவிட வேண்டும்.