கக்கூசு வந்த வழி

ஒல்லாந்த மொழியில் 'கக்' என்றால் மலம். அந்தச் சொல்லோடு வீட்டைக் குறிக்கும் சொல்லை ஒட்டவைத்து, ஒளிவுமறைவின்றி ஒல்லாந்தர் சூட்டிய பெயர்தான் நம்முடைய கக்கூசு. முன்பாதியின் வேர் இலத்தீனில் இருக்கிறது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள்; 1795 இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கந்தோர், நொத்தாரிசு, லாச்சி எல்லாம் தமிழுக்குள் குடியேறின. அவை முன்வாசலால் வந்தன; கக்கூசு கொல்லைப்புறத்தால் வந்தது. தமிழ் நாவில் பின்பாதியின் ஹகரம் உதிர்ந்துபோக, சொல் இறுகியது. இதே சொல் சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய' ஆனது, இந்தோனேசியாவில் 'காக்குஸ்' ஆனது. தமிழ்நாட்டுக்கும் அது பழக்கமான சொல்தான்.

வன்னியை ஆண்ட ஒல்லாந்த அதிகாரி தோமஸ் நாகல், 1793 இல் அந்தப் பிரதேசத்தைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். அங்கே இருந்த முள்ளியவளை ஊர்க்காரருக்கோ அப்போது இந்தச் சொல்லால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. காடும் வயற்கரையும் கிடந்தன. 'வெளிக்குப் போறது' என்ற பேச்சே போதுமாயிருந்தது. சொல் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. 1916 அளவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு தொடங்கிய பிறகே, கக்கூசு சுகாதாரத்தின் பேச்சாயிற்று. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோல் வழியாக ஏறும் புழு அது. மலம் மண்ணில் கலக்காவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூசு இருந்தது. வாளியைச் சுமந்தவர்களின் மேல் சாதி ஏறி உட்கார்ந்தது. சொல்லிலும் அந்த நாற்றம் ஒட்டிக்கொண்டது. 2017 இல் திவ்யபாரதி, கையால் மலம் அள்ளுவோரைப் பற்றித் தமிழ்நாட்டில் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார்.

போரில் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் கக்கூசு வாசலில் வரிசையில் நின்ற சனம், ஊருக்குத் திரும்பியபோது வீட்டுத்திட்டப் படிவங்களில் 'மலசலகூடம்' என்றிருந்தது. மலம், சலம், கூடம்: ஒல்லாந்தர் செய்த அதே ஒட்டுவேலைதான், உடுப்பு மட்டும் வடமொழி. இளையவர்கள் இப்போது 'டொய்லெட்' என்கிறார்கள். வளவுக்கு வளவு கக்கூசு வந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லத்தான் ஆளில்லை.