ஆங்கிலத்தில் காரணத்தொடரும் பிளவு வாக்கியமும்

ஆங்கில வாக்கியத்தில் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடையாக வரும் துணைத்தொடரைக் காரணத்தொடர் என்கிறார்கள். ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, அதில் ஒரு பகுதியை மட்டும் தனியே தூக்கிக் காட்டும் அமைப்பு பிளவு வாக்கியம். இலக்கண நூல்கள் இவ்விரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தே விளக்குகின்றன. உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவு. கேட்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும், எது புதிய செய்தி என்பதைப் பிரித்துக் காட்டுவதே இரண்டின் வேலையும்.

காரணம் சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இணைப்புச் சொற்கள் நான்கு: பிகாஸ், சின்ஸ், ஆஸ், ஃபார். பள்ளிக்கூடத்தில் ‘சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்’ என்று வாக்கியங்களை மாற்றி எழுதிப் பழகும் மாணவர்களுக்கு, இவற்றில் எதை எடுத்து எங்கே போட்டாலும் பொருள் ஒன்றுதான் என்ற எண்ணம் ஊன்றிவிடுகிறது. அது சரியல்ல.

முதலில் இந்தச் சொற்களின் பிறப்பு. ‘பிகாஸ்’ தொடக்கத்தில் ஒரே சொல்லாக இருக்கவில்லை. ‘பை’, ‘காஸ்’ என்ற இரு சொற்கள் சேர்ந்து, ‘இன்ன காரணத்தால்’ என்ற பொருளில், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு ‘ஃபார்’ என்பதை அடிப்படையாகக் கொண்ட தொடர்களே காரணம் சொல்லின. ‘சின்ஸ்’ காலத்தைக் குறித்த சொல். ‘அதற்குப் பிறகு’ என்பது அதன் பழைய பொருள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில் முன்னது காரணம், பின்னது விளைவு என்று மனம் இணைத்துக்கொள்வதால், காலச்சொல் காரணச்சொல்லாகவும் ஆகிவிட்டது. ‘ஆஸ்’ என்பதோ ‘ஆல்சோ’வின் உடன்பிறப்பு. ‘முழுக்க அப்படியே’ என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லொன்று தேய்ந்து உண்டானது.

இந்த நான்கில் ‘பிகாஸ்’ தனி ரகம். ‘வை?’ என்று ஒருவர் கேட்டால், ‘பிகாஸ் இட் ரெய்ன்ட்’ என்பது மட்டுமே முழுமையான விடையாக நிற்கும். ‘சின்ஸ் இட் ரெய்ன்ட்’ என்றோ ‘ஆஸ் இட் ரெய்ன்ட்’ என்றோ சொல்லி நிறுத்தினால், கேட்டவர் மீதிக்குக் காத்திருப்பார். ‘ஒன்லி பிகாஸ்’, ‘ஜஸ்ட் பிகாஸ்’, ‘நாட் பிகாஸ்’ எல்லாம் சரளமாக வரும். காரணப் பொருளில் ‘சின்ஸ்’ஸுக்கு முன்னால் இவை ஒட்டுவதில்லை. ‘ஃபார்’ இன்னொரு கட்டுப்பாடு கொண்டது. அதை வைத்து வாக்கியத்தைத் தொடங்கி முதன்மைத்தொடரைப் பின்னால் வைக்க முடியாது. இன்று அது பெரும்பாலும் எழுத்து நடையில்தான் காணப்படுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ‘பிகாஸ்’ கொண்டுவரும் காரணம் பொதுவாகக் கேட்பவருக்குப் புதிது. ‘சின்ஸ்’ஸும் ‘ஆஸ்’ஸும் கொண்டுவருவதோ பெரும்பாலும் இருவரும் அறிந்ததே. ‘சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட் அஸ் பிகின்’ என்பதைத் தமிழில் சொன்னால், ‘வந்துவிட்டீர்கள் அல்லவா, தொடங்கலாம்’ என்றாகும். வந்தது செய்தியல்ல, தொடங்குவதே செய்தி. புதிய செய்தியை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது ஆங்கிலத்தின் பொது இயல்பு. ராண்டால்ஃப் குவிர்க் உள்ளிட்ட நால்வர் எழுதி 1985இல் வெளிவந்த பேரிலக்கணம் இதை விரிவாக விளக்குகிறது. அதனால்தான் ‘பிகாஸ்’ தொடர் பெரும்பாலும் முதன்மைத்தொடருக்குப் பின்னால் வருகிறது. முன்னால் வரக் கூடாது என்பதில்லை. ‘பிகாஸ்’ஸில் வாக்கியத்தைத் தொடங்காதே என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் விதிக்கு இலக்கண ஆதாரம் கிடையாது, முதன்மைத்தொடர் பின்தொடர்ந்தால் போதும்.

காரணத்தொடர் எப்போதும் நிகழ்வின் காரணத்தையே சொல்வதும் இல்லை. ‘ஹீ இஸ் அட் ஹோம், பிகாஸ் தி லைட் இஸ் ஆன்’ என்றால், விளக்கு எரிவதால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருளல்ல. அவர் வீட்டில் இருப்பார் என்று பேசுபவர் ஊகித்ததற்கான காரணம் அது. ‘ஆர் யூ ஹங்ரி, பிகாஸ் தேர் இஸ் ரைஸ்’ என்பதில், அந்தக் கேள்வியைக் கேட்டதற்கான காரணம் வருகிறது. நிகழ்வு, ஊகம், பேச்சு என்ற இந்த மூன்று தளங்களை ஈவ் ஸ்வீட்சர் 1990இல் வெளியிட்ட நூலில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

எதிர்மறை சேரும்போது சிக்கல் முற்றுகிறது. ‘ஹீ டிட் நாட் லீவ் தி ஜாப் பிகாஸ் ஹிஸ் பிரதர் ஒர்க்ட் தேர்.’ இதற்கு இரண்டு பொருள். தம்பி அங்கே இருந்ததால் அவர் வேலையை விடவில்லை என்பது ஒன்று. அவர் வேலையை விட்டது தம்பி அங்கே இருந்ததால் அல்ல, வேறு ஏதோ காரணம் என்பது மற்றொன்று. தமிழ் ‘இல்லை’யையும் ‘அல்ல’வையும் கொண்டு இதை எளிதாகப் பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ஸுக்கு முன் ஒரு காற்புள்ளி இட்டால் முதல் பொருள் தெளிவாகும். இரண்டாவது பொருளை ஐயமின்றிச் சொல்லப் பிளவு வாக்கியம் வேண்டும்: ‘இட் வாஸ் நாட் பிகாஸ் ஹிஸ் பிரதர் ஒர்க்ட் தேர் தட் ஹீ லெஃப்ட்.’ காரணத்தொடரும் பிளவு வாக்கியமும் கைகோக்கும் இடம் இது. இந்த இடத்திலும் ‘சின்ஸ்’, ‘ஆஸ்’ இரண்டுக்கும் அனுமதி இல்லை.

பிளவு வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ‘க்ளெஃப்ட் சென்டன்ஸ்’ என்று பெயர். இந்தப் பெயரை நிலைநாட்டியவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் (1860–1943). ‘ராஜா பிரோக் தி பாட்’ என்பதில் பானை உடைந்தது, உடைத்தவர் ராஜா என்ற இரண்டும் ஒன்றாக வருகின்றன. ‘இட் வாஸ் ராஜா ஹூ பிரோக் தி பாட்’ என்றதும் பானை உடைந்தது தெரிந்த விஷயமாகிப் பின்னுக்குப் போகிறது. ராஜா முன்னே வருகிறார். பேச்சில் ‘ராஜா’ என்ற சொல்லைக் குரலால் அழுத்தினாலே இது நடந்துவிடும். எழுத்தில் குரல் கிடையாது, ஆகவே அங்கே இந்த அமைப்பின் தேவை அதிகம். ‘வாட் ஐ நீட் இஸ் டைம்’ என்பது இதன் இன்னொரு வடிவம். அழுத்தம் பெறும் பகுதி கடைசிக்கு நகர்கிறது.

அயர்லாந்து ஆங்கிலத்தில் பிளவு வாக்கியம் இன்னும் தாராளம். ‘இட்ஸ் டயர்ட் ஐ ஆம்’ போன்ற வாக்கியங்கள் அங்கே இயல்பு. ஐரிஷ் மொழியின் அமைப்பே அவற்றுக்கு வேர் என்று கருதுகிறார்கள். ‘பிகாஸ்’ஸும் புதிய வடிவம் எடுத்திருக்கிறது. ‘பிகாஸ் சயின்ஸ்’ என்று வெறும் பெயர்ச்சொல்லை ஒட்டிச் சொல்லும் வழக்கு இணையத்தில் பரவியதை அடுத்து, அமெரிக்க டயலெக்ட் சொசைட்டி 2013ஆம் ஆண்டின் சொல்லாக ‘பிகாஸ்’ஸைத் தேர்ந்தெடுத்தது.

அழுத்தத்துக்கு இந்தியர்களின் ஆங்கிலம் வேறு வழி கண்டது. ‘ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி’ என்பதில் வரும் ‘ஒன்லி’, தமிழின் ‘தான்’, இந்தியின் ‘ஹீ’ ஆகியவை செய்யும் வேலையைச் செய்கிறது. பேச்சில் அதைப் பிழை என்று கேலி செய்ய வேண்டியதில்லை. இந்திய ஆங்கிலத்தின் ஓர் இயல்பாகவே ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பொது ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ‘ஒன்லி’ ‘மட்டும்’ என்றே படிக்கப்படும். ஆகவே எழுத உட்காரும் தமிழர், சொல்ல வந்ததை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ‘தான்’ எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று கவனிக்கலாம். ‘இட் வாஸ்’ என்பதை அடுத்து எழுத வேண்டிய சொல் பெரும்பாலும் அதுவே.