மரண கானாவில் நிலையாமையும் பற்றும்: காலடிப்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து

வடசென்னையின் மரண கானாப் பாடல்களைச் சித்தர் மரபின் நீட்சியாகக் காணும் கருத்து ஆய்வாளரிடையே பரவலாக உண்டு. நில அமைப்பும் இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. காலடிப்பேட்டைக்கு வடக்கே திருவொற்றியூர்க் கடற்கரையோரம் பட்டினத்தாரின் சமாதிக் கோயில் உள்ளது; தெற்கே தண்டையார்பேட்டைப் பகுதியில் 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா உள்ளது. உடல் அழியும், பொருள் உடன்வாராது எனப் பாடிய இவ்விருவரின் சொற்கள் கானாவுக்குள்ளும் ஒலிக்கக் கேட்கலாம். சொல்லளவில் இத்தொடர்ச்சி மறுக்கத்தக்கதன்று. உணர்வளவில் அது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சித்தர் பாடல் நிலையாமையைச் சொல்வது பற்றை அறுப்பதற்காக. மரண கானா அதே நிலையாமையைச் சொல்லிக்கொண்டே இறந்தவரைப் பற்றிக்கொள்கிறது. சடலம் வீட்டில் கிடத்தப்பட்டிருக்கும் இரவிலும் கருமாதியை ஒட்டிய இரவிலும் தெருப்பந்தலில் டோலக் தாளத்துடன் இப்பாடல்கள் விடியவிடியப் பாடப்படுகின்றன. இறந்தவரின் பெயர், தெரு, தொழில், பெற்றோர், மனைவி மக்கள், உடன் திரிந்த நண்பர்கள் எனப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. யாவும் பொய் என்று தொடங்கும் பாடல் சற்று நேரத்தில், விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு இனி யார் துணை என்று கேட்கிறது. துறவியின் வாயில் இக்கேள்வி பிறக்காது.

பட்டினத்தாரையே இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். தாயின் ஈமச்சடங்கில் அவர் பாடியவையாக வழங்கும் பாடல்களில் துறவு முற்றிலும் தளர்ந்துபோகிறது. கானா பட்டினத்தாரிடமிருந்து ஏதேனும் பெற்றிருந்தால், அது இந்தத் தளர்ச்சியையே எனக் கருத இடமுண்டு.

அமெரிக்க நாட்டுப்புற இசையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அடா ஹேபர்ஷன் இயற்றி 1907-இல் வெளிவந்த கிறித்தவப் பாடல் ஒன்று, குடும்ப வட்டம் விண்ணுலகில் முறியாதிருக்குமா என்று வினவியது. அதனைக் கார்ட்டர் குடும்பத்தினர் 1935-இல் மாற்றிப் பதிவுசெய்தபோது, தாயின் உடலை ஏற்றிச்செல்ல வரும் சவவண்டியைச் சாளரத்தருகே நின்று காணும் பிள்ளையின் குரல் அதனுள் புகுந்தது. சமயம் தந்த ஆறுதல் பல்லவியாக எஞ்சியது. சரணங்களை இழப்பு எடுத்துக்கொண்டது.

கானாவில் பெயருக்கு இத்துணை இடம் ஏன் என்பதற்கு வட்டார வரலாற்றில்தான் விடை தேடவேண்டும். காலடிப்பேட்டை என்னும் பெயரே 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயர் மருவியது. நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பு; ஊர்ப்பெயரில் நிலைத்தவரோ ஆளுநர். 1856-இல் இராயபுரம் இரயில் நிலையமும், 1870-களில் தொடங்கிய துறைமுகப் பணியும், பின்னர் ஆலைகளும் உழைப்பாளரை இங்குக் குவித்தன. துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது; இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. தெருவும் வேலையும் இவ்வாறு கரையும் நிலப்பகுதியில், ஒரு சுமைதூக்கியின் பெயரை ஊரறிய முழுமையாக உரைக்கும் வாய்ப்பு அவர் இறந்த இரவில்தான் கிடைக்கிறது. தத்துவம் அங்கே பெயரைத் தாங்கும் தட்டு மட்டுமே.

ஒப்பாரி பெண்களுடையது. ஆண் வாய்விட்டு அழுவதற்கு மரபு தந்த வடிவங்கள் மிகக் குறைவு. மரண கானா அவற்றுள் ஒன்று. விசிலும் கைத்தட்டலும் ஆட்டமும் கலந்த அவ்விரவை வெளியார் கொச்சை என ஒதுக்கியது, அங்கே ஆண்கள் அழுதுகொண்டிருந்ததைக் காணாமையால்தான்.

நாட்டார் பாடலில் அறக்கருத்தைத் தேடும் போக்கு நமக்குப் பழையது. சார்லஸ் கோவர் 1871-இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் திருக்குறளுக்கும் ஓர் இயல் ஒதுக்கினார். கானாவில் சித்தரை மட்டும் தேடுவதும் அப்போக்கின் தொடர்ச்சியே. பாடலுக்கு மதிப்பளிக்கும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் அம்மதிப்பு தத்துவத்துக்கே சென்றுசேர்கிறது, இறந்தவருக்கன்று.

2012-இல் வெளிவந்த 'அட்டகத்தி' திரைப்படத்தின் வழியும், 2018-இல் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழியும் கானா பரந்த அவையைப் பெற்றது. அக்குழு அயோத்திதாசரின் சொல்லாட்சியிலிருந்து தன் பெயரைப் பெற்று, கானாவை அரசியல் குரலாகவும் ஆக்கியது. இவை பெரும் பேறுகள். எனினும் திரையும் மேடையும் ஒருவரின் சாவுக்கென அன்றிரவு கட்டப்படும் பாடலை ஏற்க இயலாதவை; அங்கே செல்லும் பாடல் எவருக்கும் பொருந்துவதாக இருத்தல் வேண்டும்.

ஆய்வுத் தொகுப்புகளுக்கும் இதே இடர் உண்டு. பெயர்களை நீக்கி 'பொதுவான' பாடத்தைப் பதிப்பித்தால் எஞ்சுவது நிலையாமை மட்டுமே. அதைக் கண்டு சித்தர் மரபு என்று நாமே முடிவுகட்டுவோம். எனவே யாருடைய சாவு, எந்த இரவு, பாடச்சொன்னவர் யார், எந்தப் பெயர் வந்தபோது கூட்டம் அழுதது என்பனவும் பாடலோடு பதிவாக வேண்டும். அப்பெயர்களை அச்சில் வெளியிடலாமா என்பதை அந்த வீட்டாரே முடிவுசெய்ய வேண்டும்.