உதிரிப் பாகத்தின் உரிமை: ஐரோப்பியக் கடிகாரம் பழுதுபார்ப்போர் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்யப்பெற்ற சட்டைப்பைக் கடிகாரங்கள் பலவற்றுக்கு இரண்டு கூடுகள் இருந்தன. கடிகாரத்தைச் செம்மைசெய்து திருப்பித் தரும்போது, உட்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே வட்டமாக வெட்டிய சிறு தாள் ஒன்றைப் பழுதுபார்ப்பவர் வைத்தனுப்புவது வழக்கம். அதில் அவருடைய பெயரும் கடை இருந்த ஊரும் அச்சாகியிருக்கும். வேலை முடிந்த நாளைச் சிலர் பின்புறத்தில் மையால் குறித்திருப்பர். இரட்டைக் கூடு வழக்கொழிந்த பின் அத்தாளுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆயினும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் ஒரு குறியைக் கீறிவைக்கும் பழக்கம் நின்றுவிடவில்லை. பழைய கடிகாரம் ஒன்றின் மூடியைத் திறந்து நோக்குவோர்க்கு, எத்தனை கைகள் அதனைத் தொட்டுச் சென்றன என்பது இக்கீறல்களால் புலப்படும். கடிகாரம் செய்தோரைப் பற்றிய நூல்கள் மிகப் பல. அவற்றை ஓடவைத்துக்கொண்டிருந்தோரைப் பற்றியவை மிகச் சில. எந்த நிறுவனத்திற்கும் கட்டுப்படாது தம் கடையில் தாமே அமர்ந்து தொழில் புரிந்த அவர்களுடைய உரிமை எவ்வாறு சுருங்கிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விசையால் ஓடும் கடிகாரம், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், கவனிப்பின்றி நெடுங்காலம் ஓடாது. உள்ளே இட்ட எண்ணெய் உலர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் பிரித்து, கழுவி, மீண்டும் எண்ணெயிட்டுப் பூட்டியாக வேண்டும். அது கீழே விழுந்தால் பெரும்பாலும் முதலில் முறிவது பாலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் அச்சு. அவ்வச்சின் முனை ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உடையது. பாரிசில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே 1790-ஆம் ஆண்டளவில் இம்முனையைக் காக்க ஒரு வில்லமைப்பைக் கண்டார். எனினும் அத்தகைய பாதுகாப்பு பரவலானது 1930களுக்குப் பின்னரே. அதுவரை முறிந்த அச்சுக்கு மாற்றாக வேறொன்றை எஃகுக் கம்பியிலிருந்து கடைந்தெடுத்து, பதமேற்றி, மெருகிட்டுப் பொருத்துவது பழுதுபார்ப்பவரின் அன்றாட வேலை. செய்தவரிடமிருந்து பாகம் தருவிக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியே கையால் இழைத்துப் பொருத்தப்பட்டதாகையால், ஒன்றன் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

இந்நிலையை மாற்றியது அமெரிக்கா. 1850-இல் தொடங்கி, பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் ஊரில் நிலைபெற்ற தொழிற்சாலை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க பாகங்களை இயந்திரத்தால் செய்ய முயன்று படிப்படியாக வெற்றி கண்டது. 1876-இல் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் அதன் வேலைத்திறத்தைக் கண்ட சுவிட்சர்லாந்து நாட்டினர் திகைத்தனர். அங்கிருந்து சென்ற ழாக் தாவீத் என்னும் பொறியாளர், தம் நாட்டுத் தொழில் அழியாதிருக்க வேண்டுமாயின் அம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என அறிக்கை எழுதினார். சுவிஸ் ஆலைகளும் நாளடைவில் அவ்வழியே திரும்பின. பழுதுபார்ப்பவர்க்கு இது பெரும் நன்மையாகவே தோன்றிற்று. அரைநாள் கடைசல் பிடித்துச் செய்ய வேண்டியதைச் சிறு பொட்டலமாக மொத்த வணிகரிடம் வாங்கிக்கொள்ளலாமல்லவா? அந்தப் பொட்டலத்தை ஒருவர் தர மறுக்கவும் கூடும் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இத்தொழிலிலிருந்து எத்தகைய அறிவு பிறக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) சான்று. படைப்பணியிலிருந்து 1947-இல் மீண்ட அவர், கடிகாரம் பழுதுபார்த்தே பிழைத்தார். மாலைநேர வகுப்புகளில் இக்கலையைப் பயின்றார். 1960-இல் இலண்டனில் தமக்கெனக் கடை வைத்தார். பிரெகேயின் பழங்கடிகாரங்களைத் திறந்து திறந்து செப்பனிட்டதனால் விளைந்தது அவர் 1975-இல் வெளியிட்ட பிரெகே பற்றிய ஆய்வுநூல். சக்கரங்களின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் அமைப்பில், உராய்வையும் அதனால் எண்ணெயின் தேவையையும் குறைக்கும் புதுமுறை ஒன்றையும் அவர் கண்டார். எண்ணெய் உலர்ந்து கடிகாரம் நின்றுபோவதைக் கண்கூடாகப் பார்த்தவருக்கே இப்படியொரு எண்ணம் தோன்றும் என்பது என் துணிபு. சுவிஸ் நிறுவனங்கள் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒமேகா நிறுவனம் 1999-இல் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே, 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் 1970-இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த இத்தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் மூன்றில் ஒரு பங்கினரே. மலிவான கடிகாரத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் புதியது வாங்குவது எளிதாயிற்று. பழுதுபார்க்கும் கடைகளும் அருகின. பின்னர் விசைக்கடிகாரம் ஆடம்பரப் பொருளாக மறுபிறவி எடுத்தபோது, அதனைப் பேணும் பணியும் வருவாய்க்கு வழியாயிற்று. பெரு நிறுவனங்கள் உதிரிப் பாகங்களைத் தம் ஒப்புதல் பெற்ற பணிமனைகளுக்கு மட்டுமே வழங்கத் தலைப்பட்டன.

தனித்துத் தொழில் செய்வோரின் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2004 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. சந்தையில் தமக்குள்ள வலிமையைத் தயாரிப்பாளர்கள் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்பது குற்றச்சாட்டு. மேலும் ஆராயும் அளவுக்கு இது பொதுநலம் சார்ந்ததன்று எனக் கூறி, 2008-இல் ஆணையம் தள்ளிவிட்டது. லக்சம்பர்க் பொது நீதிமன்றம் 2010 டிசம்பரில் அம்முடிவைச் செல்லாததாக்கிற்று. பழுதுபார்த்தலும் உதிரிப் பாகமும் தனிச் சந்தைகளாகுமா என்பதை ஆணையம் முறையாக ஆராயவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஆணையம் 2011-இல் விசாரணையைத் தொடங்கி, 2014-இல் மீண்டும் முறையீட்டைத் தள்ளியது. இம்முறை 2017 அக்டோபரில் நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது. முறையிட்டு முடிவு காணப் பதின்மூன்று ஆண்டுகள்! சிறு கடைக்காரர் ஒருவருடைய தொழிற்காலத்தில் அது மூன்றில் ஒரு பங்கேனும் ஆகும்.

நிறுவனங்களின் வாதத்தில் உண்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. போலிக் கடிகாரங்கள் பெருகிவிட்டன. நீர்புகாக் கூட்டைச் சோதிக்கக் கருவி வேண்டும். அரைகுறை அறிவினர் கெடுத்த கடிகாரங்களும் உள. ஆனால் ஒப்புதல் பெற விழையும் கடைக்காரர், ஒவ்வொரு நிறுவனமும் குறிக்கும் கருவிகளை அதன் பொருட்டே வாங்க வேண்டியுள்ளது. பத்து நிறுவனங்களின் கடிகாரங்களைத் தொடும் ஒருவர் பத்து வாயில்களிலும் தனித்தனியே தட்ட வேண்டும். திறமையைச் சோதிப்பதுதான் நோக்கமெனின், தேர்வொன்று போதாதா? பொருளை விலைகொடுத்து வாங்கியவரின் விருப்பமோ இவ்வழக்கில் யார் செவிக்கும் பெரிதாக எட்டவில்லை.

பல நிறுவனங்களின் கடிகாரங்களுக்கு இயக்கப்பொறி தந்த ஈட்டா ஆலையைத் தன்னகத்தே கொண்ட ஸ்வாட்ச் குழுமம், 2015-ஆம் ஆண்டு இறுதியோடு மொத்த வணிகர்களுக்குப் பாகங்கள் அளிப்பதை நிறுத்திற்று. அதன்பின் தனித்தொழிலாளர்க்கு எஞ்சிய வழிகள் சிலவே. ஓடாத கடிகாரங்களை ஏலத்தில் எடுத்து, ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்கு உயிர் தருவது ஒரு வழி. முன்னோரைப் போலக் கடைசலில் அமர்ந்து அச்சைத் தாமே செய்வது மற்றொன்று. ஆனால் 2001-இல் யுலிஸ் நார்டின் நிறுவனம் தன் கடிகாரம் ஒன்றில் சிலிக்கான் சக்கரங்களைப் பொருத்தியது முதல், வேறு பல ஆலைகளும் அப்பொருளைக் கையாளத் தொடங்கின. சிலிக்கான் பாகம் மெல்லிய தகட்டிலிருந்து அரித்தெடுக்கப்படுவது. காந்தம் அதனைப் பாதிப்பதில்லை; துருவும் ஏறுவதில்லை. அதனைக் கடையவும் இயலாது, வளைத்துச் சரிசெய்யவும் இயலாது. முறிந்தால் ஆலையிலிருந்தே மற்றொன்று வர வேண்டும்.