பெயரில்லாத முகங்கள்: சிங்கப்பூரின் தொடக்ககாலப் புகைப்படங்கள்

இரண்டே நிமிடங்களில் உருவப்படம். கட்டணம் ஒருவருக்கு 10 வெள்ளி, ஒரே படத்தில் இருவர் என்றால் 15 வெள்ளி. 1843 டிசம்பரில் ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’ செய்தித்தாளில் இப்படி விளம்பரம் செய்தவர், லண்டன் ஹோட்டலை நடத்திவந்த காஸ்டன் டுட்ரோன்குவா. சிங்கப்பூரில் புகைப்படத் தொழில் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

அவர் கையாண்டது டாகெரோடைப் முறை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் நேரடியாகப் பதியும். பாதரச ஆவி பட்டதும் உருவம் தெரியும். பிரதி எடுக்க வழியில்லை.

இந்தப் புதுமையைக் கண்டு வியந்து எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் குடியேறி மணம்புரிந்த அரபு மூதாதையின் வழிவந்த அவர், சிறுவயதில் மலாக்காவில் தமிழும் கற்றவர். அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் எடுத்த சிங்கப்பூர் நகரத்தின் படத்தைப் பார்த்த அனுபவம், 1849ல் வெளிவந்த அவரது ‘ஹிகாயத் அப்துல்லா’ நூலில் உள்ளது.

பிரெஞ்சு சுங்கத்துறை அதிகாரி ஜூல்ஸ் இத்தியே 1844ல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து சிங்கப்பூர் ஆற்றைப் படமெடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிங்கப்பூர்ப் படங்களில் அதுவும் ஒன்று.

1860களில் கண்ணாடித் தகட்டு முறை பரவியது. ஒரு தகட்டிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் காகிதத்தில் அச்சிட முடிந்தது. ஜான் தாம்சன் 1862ல் இங்கு வந்து படக்கூடம் நடத்தினார். சாக்ட்லர் நிறுவனமும் அப்போது இயங்கியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த ஜி.ஆர்.லேம்பர்ட் 1867ல் ஹை ஸ்திரீட்டில் தொடங்கிய படக்கூடம், பின்னர் இவ்வட்டாரத்திலேயே புகழ்பெற்றது.

பயணிகளும் ஐரோப்பியர்களும் ஊர்க்காட்சிகளோடு ‘இன வகைகள்’ என்ற படங்களையும் வாங்கினர். தமிழர்களின் முகங்கள் அவற்றில்தான் அதிகம் காணப்படுகின்றன. ஆனால், படத்தின் கீழே இருப்பது அவர்களின் பெயரன்று. தொழிலோ, இன்று இழிசொல்லாகக் கருதப்படும் ‘கிளிங்’ என்ற சொல்லோதான். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட செல்வந்தருக்குப் பெயர் இருந்தது. விற்பனைக்காகப் படமெடுக்கப்பட்டவருக்கு இல்லை.

அந்த முகங்கள் இன்று தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் பத்திரமாக உள்ளன. அவர்கள் யார் என்பதைச் சொல்லத்தான் யாருமில்லை. வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறைக்கு அந்த நிலை வராது.