கைலி கட்டிய கொள்ளையர்

கறுப்புத் துணியால் ஒரு கண்ணை மூடி, தோளில் பொம்மைக் கிளியை வைத்து, மண்டையோடு வரைந்த தொப்பியைப் போட்டால் கடற்கொள்ளைக்காரன் ஆகிவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தால் மலாக்கா செலண்டாரில் இருக்கும் என் தையல் கடைக்கு அந்த உடுப்பு கேட்டு வருவார்கள். நானும் தைத்துக் கொடுப்பேன், வயிற்றுப் பிழைப்பு. ஆனால் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன்: "தங்கச்சி, நம்ம பக்கத்துக் கொள்ளைக்காரன், உங்க வீட்டுக்காரர் வீட்டுல கட்டுற கைலி மாதிரிதான் கட்டியிருந்தான். அதையே மடிச்சுக் கட்டிவிட்டா போதும், செலவே இல்ல." இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கிளிதான் வேண்டுமாம்.

நான் சும்மா சொல்லவில்லை. வாங் தாயுவான் என்ற சீனர் 1349-இல் எழுதிய பயணக் குறிப்பில், இன்றைய சிங்கப்பூரை ஒட்டிய லோங்யாமென் என்ற நீர்வழியில் இருந்தவர்களைப் பற்றி வருகிறது. குடுமி முடிந்திருந்தார்கள், குட்டைப் பருத்திச் சட்டை போட்டிருந்தார்கள், இடுப்பில் கைலி. மேற்கே போகும் சீனக் கப்பலை அவர்கள் தொடுவதில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் வேலையே. கப்பல் கரிமுன் தீவை நெருங்கியதும் மாலுமிகள் அம்பு தைக்காமல் இருக்கத் தட்டிகளைக் கட்டிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காற்று வாய்த்தால் தப்பிக்கலாம். வாய்க்காவிட்டால் இருநூறு முந்நூறு படகுகள் சுற்றி வளைக்கும்.

சட்டையும் கைலியும் என்றால் அதுதான் அந்தக் கரையில் எல்லோருக்கும் உடுப்பு. மீன் பிடிப்பவனுக்கும் அதுதான், காய்கறி விற்பவனுக்கும் அதுதான். ஆளைப் பார்த்து, துணியைப் பார்த்து, இவன் கொள்ளைக்காரன் என்று சொல்ல முடியாத காலம் அது. நாற்பது வருடத்துக்கு மேல் துணியோடு கிடப்பவன் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மலாக்காவின் கதையே இப்படிப்பட்ட கடற்கொள்ளையரோடுதான் தொடங்குகிறது. சுமத்ராவின் பாலெம்பாங்கிலிருந்து ஓடிவந்த இளவரசர் பரமேஸ்வரா 1400-ஐ ஒட்டி இங்கே வந்து சேர்ந்தபோது, அவருக்குத் துணை நின்றவர்கள் ஓராங் லாவுட் என்ற கடல் மக்கள். மலாக்காவில் 1512 முதல் 1515 வரை இருந்த போர்ச்சுகீசிய மருந்து வணிகர் தோமே பிரெஸ், அவர்கள் மீன் பிடிப்பதும் கொள்ளையடிப்பதுமாக வாழ்ந்தவர்கள் என்று எழுதுகிறார். இடத்தைக் காட்டிக் கொடுத்ததற்குக் கைம்மாறாகப் பரமேஸ்வரா அவர்களைப் பிரபுக்களாக ஆக்கினாராம். நேற்றுவரை கப்பலை மறித்தவர்கள், மறுநாள் அதே படகில் கடலைக் காவல் காத்தார்கள். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு சுங்கம் என்று சட்டம் வந்தது. துறைமுகம் கையில் இருந்தால் சுங்கம், இல்லாவிட்டால் கொள்ளை. என் கணக்கு அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நம்மவர்கள் மலாய்க்கார ராஜாவைக் குறை சொல்வதாகத் தலையாட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் ராஜேந்திர சோழர் 1025-ஐ ஒட்டிக் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடித்து, அங்கிருந்த வித்யாதர தோரணத்தைப் பெயர்த்து வந்ததைத் தஞ்சைக் கல்வெட்டில் பெருமையாக வெட்டி வைத்திருக்கிறோம். வாசலைப் பறிகொடுத்த ஊர்க்காரன் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பான்?

ராஜாவின் உடுப்பையும் ஒரு சீனர் பார்த்து எழுதியிருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களோடு வந்த மா ஹுவான் சொல்வது இது: மலாக்கா அரசர் தலையில் மெல்லிய வெள்ளைத் துணி சுற்றியிருந்தார், உடம்பில் பூப்போட்ட நீலத் துணியில் நீண்ட அங்கி, காலில் தோல் செருப்பு. ஆண்கள் தலையில் சதுரத் துணி கட்டினார்கள். பெண்கள் கொண்டை போட்டார்கள். இடுப்பில் ஒரு சுற்றுத்துணி, மேலே வண்ணத்தில் குட்டைச் சட்டை. அரசருக்கும் குடிகளுக்கும் வித்தியாசம் வெட்டிலும் தையலிலும் பெரிதாக இல்லை, துணியின் தரத்திலும் நிறத்திலும்தான். மஞ்சள் அரசருக்கு மட்டும். ஊர்க்காரன் மஞ்சளில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. அந்த மஞ்சளைக் கட்டிக்கொண்டு நம் ஆட்கள் காவடி எடுக்கிறார்களே என்று நான் நினைத்துச் சிரிப்பதுண்டு.

அந்தத் தரமான துணி வந்தது நம் கரையிலிருந்து. பழவேற்காடு, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் இவற்றின் தறிகளில் நெய்ததும் சாயம் ஏற்றியதும்தான் இங்கே காசு. கிழக்கே மலுக்கு, பண்டா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளியைவிடத் துணியை நீட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டும் கட்டம் போட்ட காயின் பெலிக்காட் அந்தப் பழவேற்காட்டுச் சரக்கின் வாரிசு. அப்படியானால் கொள்ளைக்காரன் கப்பலில் ஏறியதும் எதைத் தூக்கியிருப்பான்? தங்கப் பெட்டி இருந்தால் சரிதான். பெரும்பாலும் இருந்தது துணிக் கட்டு. அதை விற்றான், கொடுத்து மிளகு வாங்கினான், நல்லதாக ஒன்றை எடுத்துத் தானும் கட்டிக்கொண்டான்.

துணிமேல் இருந்த மோகத்துக்கு செஜாரா மெலாயுவில் ஒரு கதை இருக்கிறது. மலாக்கா சுல்தான் மஹ்மூத், ஹாங் நாடிம் என்பவரைக் கலிங்கக் கரைக்கு அனுப்புகிறார். நாற்பது துணி வேண்டும், ஒவ்வொன்றிலும் நாற்பது விதப் பூ. அங்கே சித்திரக்காரர்கள் வரைந்து வரைந்து காட்டுகிறார்கள், இவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் தானே வரைந்து கொடுக்கிறார். திரும்பும் வழியில் ஒரு சாபத்தால் கப்பல் மூழ்கி, நாலே துணியோடு மலாக்கா வந்து சேர்கிறார். சாபம் பெற்ற கப்பலில் ஏன் ஏறினாய் என்று சுல்தான் கோபித்துக்கொள்கிறார். கதைதான். ஆனால் காட்டிய டிசைன் எதுவும் பிடிக்காமல், கடைசியில் தானே தாளில் கிறுக்கிக் காட்டும் வாடிக்கையாளர் எந்தத் தையல்காரனுக்குப் புதிது?

கப்பலுக்குள் இருந்த வாழ்க்கைக்கு மலாக்காவின் கடல் சட்டம் சாட்சி. கடலில் கப்பல் தலைவரான நகோடாதான் ராஜா, சுக்கான் பிடிப்பவர் பெண்டஹாரா என்ற முதலமைச்சர், நங்கூரக்காரர் தெமெங்கோங் என்ற காவல் தலைவர். கப்பலின் வயிற்றை அறை அறையாகப் பிரித்து, கூட வரும் சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். கரை சேர்ந்ததும் நகோடா தன் சரக்கை விற்றுக்கொள்ள நாலு நாள், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம். அடுப்பைக் கவனிக்காமல் விட்டவனுக்கு அடி. மரக்கப்பலில் நெருப்பைவிடப் பெரிய கொள்ளைக்காரன் யார்? என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விதி: கப்பலில் யாரும் கிரிஸ் கத்தி செருகாதபோது ஒருத்தன் மட்டும் செருகிக்கொண்டு கெட்ட எண்ணத்தோடு திரிந்தால், அது உயிர் போகும் குற்றங்களில் ஒன்று. உடுப்பால் ஆளைப் பிரிக்க முடியாததால் இடுப்பைப் பார்த்தார்கள்.

1511 ஆகஸ்டில் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். சுல்தான்களின் சமாதிக் கல்லையும் மசூதிக் கல்லையும் உடைத்துக் கோட்டை கட்டினார்கள். கொள்ளைப் பொருளை ஏற்றிய ஃப்ளோர் டி லா மார் என்ற கப்பல் அதே வருடம் சுமத்ரா கரையோரம் மூழ்கியது. மலாக்கா ஆற்றங்கரையில் அதன் மாதிரியைக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறோம், பிள்ளைகள் ஏறி படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு 1603-இல் ஜோகூர் பக்கம் டச்சுக்காரர்கள் சாந்தா கத்தரீனா என்ற போர்ச்சுகீசியக் கப்பலையே பிடித்தார்கள். சரக்கை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். அது கொள்ளை இல்லை என்று நிரூபிக்க குரோஷியஸ் என்ற சட்ட அறிஞர் தடித்த புத்தகமே எழுதினார். கைலி கட்டியவனுக்கு அப்படி வக்கீல் கிடைக்கவில்லை.

போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்த காலத்தில் ஒரு தமிழர் இருந்தார். நைனா சாத்து என்று போர்ச்சுகீசியர் எழுதிய இந்து வணிகர். 1509-இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்ச்சுகீசியருக்கு உதவியவர். ஊர் கைமாறியதும் அவரையே பெண்டஹாரா ஆக்கினார்கள். போர்ச்சுகீசியரோடு பங்கு போட்டுக் கப்பல் அனுப்பினார். 1514-இல் பதவியைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் முடிவைப் பற்றிப் பரவிய கதை பிரான்ஸ் வரை போய், அந்நாட்டு எழுத்தாளர் மொந்தேன் தம் கட்டுரையில் எடுத்துச் சொல்கிறார். தூண்கள் நிறுத்திப் பரண் கட்டி, கம்பளம் விரித்துப் பூவும் வாசனையும் நிரப்பி, மூலையில் சந்தனம் போன்ற மணக்கும் கட்டைகளால் தீ மூட்டி, பொன் ஜரிகை உடுப்பும் நகையுமாக ஊர் பார்க்க ஏறினாராம். தனக்கு நடந்த அவமானத்தை எடுத்துச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினாராம். ஜரிகையும் நகையும் எவ்வளவு உண்மையோ, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சபையைவிட்டு வெளியேறும் நம் ஊர்ப் பெரியவர்களை எனக்குத் தெரியும். அந்த ரோஷம் புரிகிறது.

டச்சுக்காரர் 1641-இல் மலாக்காவைப் பிடித்தபோதும் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். ஜலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவில் 1781-இல் எழும்பியது, அதைக் கட்டுவித்தவர் தைவநாயகம் செட்டி. அதே தெருவில் நடந்தால் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் மசூதியும், தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோவிலும். காற்றை நம்பிக் கடலில் போனவர்கள் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை என்று நினைக்கிறேன்.

கொள்ளை பயம் சாமானியமாகப் போகவில்லை. மலாக்காவில் பிறந்த எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1838-இல் கிளந்தானுக்குப் போன பயணத்தை எழுதியபோதும் வழியெல்லாம் அதே பயம். கணக்கு வழக்குக்கு வேண்டும் என்று மலாக்காப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படித்த காலத்தில் தமிழ் கற்றவர் அவர். நீராவிக் கப்பல்கள் வந்த பிறகுதான் கொள்ளைப் படகுகளின் கை தாழ்ந்தது. அந்த நீராவிக் கப்பலில்தான் எங்கள் கூட்டம் வந்தது. தான் சாய் யான் என்ற சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு இங்கே பக்கத்தில் புக்கிட் அசாஹானிலும் ரப்பர் நட்டார், பால்மரம் வெட்ட ஆள் வேண்டியிருந்தது.

எங்களுக்கு முந்தி, பாய்மரத்தில் வந்தவர்களின் பிள்ளைகள் காஜா பெராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் பேசி, 1822-இல் கட்டிய மாரியம்மன் கோவிலை விடாமல் காத்தவர்கள். அம்மை போட்ட காலத்து நினைவாக அந்தக் கோவில் திருவிழாவை டத்தோ சாச்சார் என்கிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் பார்ச்சு என்ற படையல். முன்னோருக்கு வாழையிலையில் சோறும் சம்பாலும் அவர்கள் விரும்பிய பலகாரங்களும் வைத்துப் படைப்பார்கள். பெண்கள் உடுத்தும் கெபாயா என்ற சட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தில் பொத்தானும் கிடையாது, காஜாவும் கிடையாது. கெரோசாங் என்ற மூன்று ஊசிகளைச் சங்கிலியில் கோத்து மூடுகிறார்கள். துணி மெல்லியது, ஊசி குத்தும் இடம் கிழியாமல் இருக்க உள்ளே பட்டை கொடுத்துத் தைக்க வேண்டும். ஆண்கள் கைலிக்கு மேல் சட்டை, தலையில் தலாப்பா என்ற தலைப்பாகை. மடிப்பு கலையாமல் அதைக் கட்டத் தனிக் கைப்பழக்கம் வேண்டும்.

நெற்றியில் திருநீறோடு ஒரு செட்டிப் பெரியவர் திருவிழாச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நான் தமிழில் கேட்டேன், அவர் மலாயில் பதில் சொன்னார். உங்க ஆட்கள் எப்போ வந்தாங்க என்று கேட்டார். என் தாத்தா காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் என்றேன். "மசே பாரு," என்றார். இன்னும் புதுசுதானாம். கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் இறக்கி வெட்டச் சொல்லிவிட்டு, முன்பணம் கொடுத்துப் போனார்.