ட்ரெய்லரில் வரும் கார், பாதியில் நிற்கும் கார்: ஹாட் ராட் கண்காட்சியில் யாருக்கு இடம்?

அமெரிக்காவில் பழைய கார் கண்காட்சி நடக்கும் மைதானங்களில் ஒரு சண்டை பல வருடங்களாக ஓய்ந்தபாடில்லை. சண்டைக்குக் காரணம் இரண்டு வகைக் கார்கள்.

முதல் வகை, ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரப்படும் கார். கண்ணாடி மாதிரி பெயிண்ட், டயரில் ஒரு துளி மண் கிடையாது. மழையையோ ரோட்டையோ பார்த்ததில்லை. இதற்குக் கேலியாக "ட்ரெய்லர் குவீன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ஓட்டாத கார் ஒரு காரா?" என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி.

இரண்டாவது வகை, இன்னும் முடிக்கப்படாத கார். பெயிண்ட் இல்லை, வெறும் பிரைமர். சில சமயம் சீட் இருக்காது, சில சமயம் எஞ்சினே இருக்காது. "வேலை முடிந்த பிறகு கொண்டுவரக் கூடாதா? டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் இதையா பார்க்க வேண்டும்?" என்று இதற்கும் ஒரு கேள்வி.

இரண்டு கேள்விகளிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹாட் ராட் வரலாற்றைப் புரட்டினால், "முழுசாக முடிந்திருக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பு ஹாட் ராட்டோடு பிறந்தது அல்ல என்பது தெரியும். அது கோப்பைகளோடு சேர்ந்து வந்தது.

பழைய ஃபோர்டும் பாலைவன ஏரியும்

ஹாட் ராட் என்பது பழைய காரை வாங்கி, வேகத்துக்காகத் தன் கையாலேயே மாற்றி அமைத்த வண்டி. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்களைத் தயாரித்தது. அதற்குப் பின் மாடல் ஏ வந்தது. 1932இல் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினை ஃபோர்டு கொண்டுவந்தது. இந்தக் கார்கள் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்தபோது, கலிபோர்னியாவின் தெற்குப் பகுதி இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். எடையைக் குறைக்க மட்கார்டைக் கழற்றினார்கள், பானட்டைக் கழற்றினார்கள். ஒரு காரின் பாடியை இன்னொரு காரின் சேஸிஸில் பொருத்தினார்கள்.

வேகத்தைச் சோதிக்க அவர்களுக்கு இயற்கையே ஒரு மைதானம் கொடுத்திருந்தது. லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே மொகாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள் இருக்கின்றன. பல மைல் தூரத்துக்குத் தரை சமமாக, கெட்டியாக இருக்கும். இஷ்டத்துக்கு ஓட்டி விபத்துகள் நடந்ததால், பல கிளப்புகள் ஒன்றுசேர்ந்து 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை (எஸ்.சி.டி.ஏ.) தொடங்கின. அதன் முதல் பந்தயம் 1938 மே மாதம் மியூராக்கில் நடந்தது. பிற்பாடு மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பலருக்கு ஒரே கார்தான். வாரம் முழுவதும் அதிலேயே வேலைக்குப் போவார்கள். வார இறுதியில் அதையே ஏரிக்கு ஓட்டிப்போய், ஹெட்லைட், முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓட்டுவார்கள். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகளை வேறொரு காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அதாவது, இன்னொரு வண்டியின் தயவில் வந்து சேருவது புதிய விஷயமே அல்ல. ஆனால் வந்து சேர்ந்த பிறகு அந்தக் கார் ஓடியது.

முடிக்கப்படாத கார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஏனென்றால் எந்தக் காரும் முடிந்ததே இல்லை! இந்த மாதம் ஒரு கார்புரேட்டர், அடுத்த மாதம் வேறு சிலிண்டர் ஹெட். கையில் காசு இருக்கும்போது பெயிண்ட், இல்லாவிட்டால் பிரைமரோடு ஓட்டம்.

கண்காட்சி பிறந்த கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்களிடம் கொஞ்சம் காசும் ராணுவத்தில் கற்ற தொழிலறிவும் இருந்தன. ஹாட் ராட்கள் பெருகின. கூடவே கெட்ட பெயரும் பெருகியது. தெருவில் பந்தயம் ஓட்டும் ரவுடிகள் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பெயரை மாற்றத்தான் எஸ்.சி.டி.ஏ. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் ஆர்மரி கட்டடத்தில் ஒரு கண்காட்சி நடத்தியது. ராபர்ட் பீட்டர்சன் என்ற இளைஞர் தொடங்கிய 'ஹாட் ராட்' பத்திரிகையின் முதல் இதழ் அங்கேதான் 25 சென்டுக்கு விற்கப்பட்டது.

அந்தக் கண்காட்சியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பளபளப்பான கார்களை வரிசையாக நிறுத்தியதோடு அவர்கள் விடவில்லை. கண்காட்சி நடக்கும் நாட்களிலேயே, பார்வையாளர்கள் கண் முன்னால், ஒரு ஹாட் ராட்டைக் கட்டிக்காட்டினார்கள். "நாங்கள் ரவுடிகள் அல்ல, வேலை தெரிந்தவர்கள்" என்று நிரூபிக்க வேண்டுமானால் வேலையைத்தானே காட்ட வேண்டும்? ஆக, ஹாட் ராட் கண்காட்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு முடிக்கப்படாத கார் கௌரவமான இடத்தில் இருந்தது.

ஒன்பது அடிக் கோப்பை

1950இல் ஓக்லாந்து நகரில் ஆல் ஸ்லோனேக்கர், மேரி ஸ்லோனேக்கர் தம்பதி நேஷனல் ரோட்ஸ்டர் ஷோவை நடத்தினார்கள். அதில் "அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்" என்ற விருது அறிமுகமானது. கோப்பையின் உயரம் சுமார் ஒன்பது அடி! பெயரிலேயே மாற்றம் தெரிகிறது. "வேகமான" அல்ல, "அழகான".

முதல் விருதை வென்றவர் பில் நீகாம்ப். 1929 மாடல் ஏ பாடியை வைத்து அவர் கட்டிய கார். பார்க்க மட்டும்தான் அழகு, ஓடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் 1952இல் அதே கார் எல் மிராஜ் ஏரியில் மணிக்கு 142.40 மைல் வேகத்தில் ஓடியது. கிட்டத்தட்ட 229 கிலோமீட்டர். அழகும் ஓட்டமும் ஒரே காரில் இருந்த காலம் அது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. அழகுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் அழகுக்காகவே கார் கட்டுவார்கள். ஜார்ஜ் பாரிஸின் பட்டறையில் ரிச்சர்ட் பீட்டர்ஸுக்காக உருவான 'அலா கார்ட்' 1958, 1959 என்று இரண்டு வருடம் தொடர்ந்து வென்றது. காரின் அடிப்பகுதிகூட அலங்கரிக்கப்பட்டிருந்தது. எட் ராத் 1961இல் 'பீட்னிக் பேண்டிட்', 1963இல் 'மிஸ்டீரியன்' என்று ஃபைபர்கிளாஸ் கற்பனைகளைக் கொண்டுவந்தார். டெட்ராய்ட் ஆட்டோராமா கண்காட்சியில் 1964 முதல் ரிட்லர் விருது கொடுக்கிறார்கள். அதற்குப் போட்டியிடும் கார் வேறெங்கும் அதற்கு முன் காட்சிக்கு வந்திருக்கக் கூடாது. அப்படியொரு விதி இருந்தால், அந்தக் காரை யார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவார்கள்?

ட்ரெய்லருக்கு ஆதரவாக ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். உள்ளரங்கக் கண்காட்சிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். டெட்ராய்ட் போன்ற வட மாநில நகரங்களில் அப்போது ரோட்டில் பனி, அதைக் கரைக்க உப்பு. உப்பு பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். நான்கு வருட உழைப்பை உப்பு ரோட்டில் ஓட்டாதவரை சோம்பேறி என்று சொல்வது சரியல்ல. அதேபோல் எண்பது வயதுப் பழைய காரை ஆயிரம் மைல் ஓட்டிவரும் உடல்வலு எல்லோருக்கும் இருக்காது.

"ஓட்டிக்கொண்டு வா!"

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1970இல் 'ராட் அண்ட் கஸ்டம்' பத்திரிகை முன்னின்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் முதல் ஸ்ட்ரீட் ராட் நேஷனல்ஸை நடத்தியது. ரோட்டில் ஓட்டுகிறவர்களின் திருவிழா அது. தூரத்து மாநிலங்களிலிருந்து பழைய கார்களை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். 1995இல் 'ஹாட் ராட்' பத்திரிகை பவர் டூர் என்ற நெடும்பயணத்தைத் தொடங்கியது. 2005இல் வந்த டிராக் வீக் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு ஊரில் பந்தயம் ஓட்டி, அதே காரை அடுத்த ஊருக்கு ரோட்டில் ஓட்டிப்போய் மறுபடி பந்தயம் ஓட்ட வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றினால் ஆட்டம் காலி.

பணக்காரர்களின் பெபிள் பீச் கண்காட்சிகூட 1998 முதல் ஒரு சாலைச் சுற்றை நடத்துகிறது. போட்டியில் இரண்டு கார்கள் சம மதிப்பெண் பெற்றால், அந்தச் சுற்றை முடித்த காருக்கே முன்னுரிமை. அதற்கு முந்தைய வருடம், 1997இல், அங்கே முதல்முறையாக ஹாட் ராட்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. வென்றது டோன் ஸ்பென்சர் 1940களில் கட்டிய 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். ஸ்பென்சர் அதை மூடி வைத்து ரசித்தவர் அல்ல, ஓட்டித் தீர்த்தவர்.

பாதியில் நிற்கும் கார்

முடிக்கப்படாத காரின் கதை வேறு. டெட்ராய்ட் ஆட்டோராமாவில் மேல்தளத்தில் லட்சக்கணக்கான டாலர் கார்கள் நிற்கும். கீழ்த்தளத்தில் 'எக்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் பிரைமர் பூசியவை, துரு தெரிபவை, ரேட் ராட் எனப்படுபவை நிற்கும். ஒரே டிக்கெட், இரண்டு உலகம். கீழே கூட்டம் குறைவு என்று நினைத்தால் தவறு.

ஏன் கூட்டம் வருகிறது? முடிந்த காரில் தெரியாத ஒன்று முடியாத காரில் தெரிகிறது. பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு பட்டி வைத்திருக்கிறார்கள், வெல்டிங் எப்படி இருக்கிறது, தகரத்தைத் தட்டி வளைத்தது யார் கை என்பதெல்லாம் பூச்சு ஏறியதும் மறைந்துவிடும். வெறும் தகரமாக நிற்கும் கார் பொய் சொல்ல முடியாது. பெரிய பட்டறைக்காரர்களே பெயிண்டுக்கு முன் காரை வெற்று உலோகமாகக் கொண்டுவந்து நிறுத்துவது இதனால்தான். புதிதாகக் கற்க வரும் பையனுக்கு அது ஒரு பாடப்புத்தகம்.

எதிர்த்தரப்பின் கவலையும் பொய் அல்ல. "இன்னும் வேலை இருக்கிறது" என்ற பெயரில் மோசமான வெல்டிங்கோடு, சரியான பிரேக் இல்லாமல் வரும் வண்டிகள் உண்டு. வேண்டுமென்றே துருவைப் பூசி நாடகம் ஆடுகிறவர்களும் உண்டு. இதற்கு மருந்து சோதனைதான், தடை அல்ல. ஸ்ட்ரீட் ராட் நேஷனல்ஸை நடத்தும் சங்கத்திடம் 23 அம்சப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. பெயிண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அல்ல, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு.

யாருக்கு இடம்?

ஒரு தொழிற்சாலையின் இருப்புநிலைக் குறிப்பில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். மூலப்பொருள், பாதி முடிந்த பொருள், முடிந்த பொருள். பாதி முடிந்ததை மதிப்பில்லாதது என்று எந்தக் கணக்காளரும் தள்ளிவிடுவதில்லை. அதற்குத் தனி வரி உண்டு. முடிந்த சரக்கோடு சேர்த்தும் எழுதுவதில்லை. கண்காட்சிகளுக்கும் இதே முறை பொருந்தும். முடிக்கப்படாத காருக்கு இடம் கொடுக்கலாம், ஆனால் தனி வரிசையில். முடிந்த காரோடு கோப்பைக்கு மோதவிட வேண்டியதில்லை. என்ன வேலை பாக்கி என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும்.

ட்ரெய்லரில் வரும் காரும் வரட்டும். ஆனால் இறங்கிய பிறகு அது ஸ்டார்ட் ஆக வேண்டும், நகர வேண்டும். "மிக அழகான ரோட்ஸ்டர்" விருதுக்கே இப்போது அப்படியொரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். போட்டிக் கார் தன் எஞ்சினால் முன்னும் பின்னும் நகர்ந்து, திரும்பிக் காட்ட வேண்டும். 1950இல் இப்படி ஒரு விதியை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது என்பதுதான் இதில் இருக்கும் வருத்தம்.

கடைசியில் இது பெயிண்டைப் பற்றிய சண்டை அல்ல. ஒரு காரை முடிக்கப் பல வருடங்கள் ஆகும். நடுவில் வேலை போகும், குழந்தை பிறக்கும், உடம்பு படுக்கும். பாதியில் விற்கப்படும் கார்கள் ஏராளம். கட்டியவர் போன பிறகு ஷெட்டில் கிடக்கும் கார்களும் ஏராளம். "முடித்துவிட்டு வா" என்று சொன்னால், காசு கொடுத்துப் பட்டறையில் முடித்து வாங்கக்கூடியவர் மட்டும்தான் சீக்கிரம் வருவார். தன் கையால் கட்டுகிறவர் வாசலுக்கு வெளியே நிற்பார். ஆனால் ஹாட் ராட் என்ற ஒன்றைத் தொடங்கியவர்களே அவர்தான். அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடத்துவதற்கு ஹாட் ராட் கண்காட்சி என்று பெயர் வைக்க முடியாது.